மார்கழியில் குணமான குதிரை

சென்ற மாதம் ஒரு திறப்பு விழாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். திருச்சியில், ஏ.சி. போட்ட கட்டடத்தில், நாய்க்கும் பூனைக்கும் மசாஜ் செய்து முதுகெலும்பை நேராக்கும் மையம். முன்கூட்டியே சொன்னால் குதிரைக்கும் உண்டாம். என்னோடு கடைசி இரண்டு வருடம் வேலை பார்த்த வித்யா என்ற பெண்தான் அங்கே மேலாளர். "மேடம், நீங்க முப்பத்தஞ்சு வருஷம் வெறுங்கையால பார்த்தவங்க. வந்து அனுபவத்தைச் சொல்லுங்க" என்றாள். ஓய்வு பெற்றவளிடம் அனுபவத்தைச் சொல் என்றால் விடுவாளா? பட்டுப் புடவை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

குத்துவிளக்கு ஏற்றச் சொன்னார்கள், ஏற்றினேன். பேச எழுந்தபோது வித்யா காதருகே வந்து, "மூணு நிமிஷம் மேடம்" என்றாள். பிறகு கோட்டுப் போட்ட ஒரு தம்பி மேடையில் ஒரு லாப்ரடாரைப் படுக்கவைத்து, அதன் முதுகுப் பக்கத்தில் மைக்கை ஒட்டிவைத்து, இடுப்பைப் பிடித்து ஒரு திருகு திருகினார். 'டக்'கென்று சத்தம் வந்தது. கூட்டம் கை தட்டியது. நாய் மட்டும் திரும்பி என்னைப் பார்த்தது.

"அந்தச் சத்தம் எதுக்கு தம்பி?" என்று கேட்டேன்.

"சத்தம் வந்தாதான் மேடம் வீடியோ ஓடும்."

"வரலைன்னா?"

"எடிட்டிங்ல சேர்த்துடுவோம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே ஏதாவது சொல்லியிருப்பேன். வித்யாவின் முகத்துக்காக வாயை மூடிக்கொண்டு, கொடுத்த சமோசாவைத் தின்றுவிட்டு வந்தேன். மூன்று நிமிடத்தில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். இதில் எந்தச் சத்தமும் வராது.

என் பெயர் பிலோமினா. கால்நடை ஆய்வாளராக வேலை பார்த்தேன். ஒரு வருடத்துக்குச் சற்றுக் குறைவான பயிற்சி. ஊசி போடவும், கட்டுப் போடவும், சாணத்தைப் பார்த்து நோயைச் சொல்லவும், மேலதிகாரிக்கு வணக்கம் வைக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். மாட்டுக்கு முதுகு என்று ஒன்று உண்டு, அதுவும் வலிக்கும் என்று யாரும் சொன்னதாக நினைவில்லை. அதை மாடுகளே பிற்பாடு சொல்லித் தெரிந்துகொண்டேன்.

முதல் வேலை துறையூர்ப் பக்கம். வேலையில் சேர்ந்த இரண்டாம் மாதம், வாய்க்காலில் சறுக்கி விழுந்து இடுப்புப் பிடித்துக்கொண்ட ஒரு பசுவுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, இரண்டு நாள் தசையை நீவிவிட்டேன். மூன்றாம் நாள் அது எழுந்து நின்றது. உடனே எங்கள் மருந்தகத்து உதவியாளர் பெருமாள், கேட்டவர்களிடமெல்லாம், "அந்தம்மா காலோட பொறந்தவங்க" என்று ஒரு போடு போட்டுவிட்டார். கால் முந்திப் பிறந்தவர் மிதித்தால் சுளுக்குப் போய்விடும் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டல்லவா? அவ்வளவுதான், நான் படித்த படிப்பு, வாங்கிய சான்றிதழ் எல்லாம் கரைந்து போயின. சனங்கள் மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்து, "கை வைக்க வேணாம்மா, எடது காலால லேசா ஒரு எத்து எத்துங்க, போதும்" என்றார்கள்.

நான் என் அம்மாவிடம் கேட்டேன். "நீ தலையாலதான்டி பொறந்த. உன் புத்திதான் காலால போவுது" என்றாள். அதை ஊரில் சொன்னேன், யாரும் நம்பவில்லை. சக்தி உள்ளவர்கள் அப்படித்தான் மறைப்பார்களாம். ஒரு கட்டத்தில் மாடு இல்லாமல் வெறும் ஆட்களே வந்து மருந்தக வராந்தாவில் குப்புறப் படுக்க ஆரம்பித்தார்கள். ஒரு ஊராட்சித் தலைவர்கூட வந்து படுத்தார். அதன் பிறகுதான் எனக்குத் திருச்சிக்கு மாற்றல் கிடைத்தது.

திருச்சியில் எனக்கு மேலதிகாரி டாக்டர் சௌந்தரராஜன். ஸ்ரீரங்கத்துக்காரர். நெற்றியில் பளிச்சென்று திருமண், கையில் ஸ்டெதஸ்கோப். அவருடைய மரியாதை முழுவதும் நாலு கால் உள்ளவற்றுக்குத்தான். எருமையிடம், "தேவரீர் கொஞ்சம் இப்படி எழுந்தருளணும்" என்பார். அதை ஓட்டி வந்தவரிடம், "என்னய்யா, கண்ணு பொட்டையா? கொம்புல கயிறு அறுத்திருக்கே, தெரியலை?" என்று எரிந்து விழுவார். ஆடு உதைத்தால் ஆட்டிடம் மன்னிப்புக் கேட்பார். நாங்கள் தாமதமாக வந்தால் அன்று முழுவதும் எங்களோடு பேசமாட்டார்.

எந்தப் பிராணி வந்தாலும் முதல் கால் மணி நேரம் அதைத் தொடமாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றி வருவார். நடக்கவிட்டுப் பார்ப்பார், திருப்பிவிட்டுப் பார்ப்பார். குளம்பு எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, எந்தப் பக்கம் முடி உதிர்ந்திருக்கிறது என்று குனிந்து பார்ப்பார். "கை அவசரக் குடுக்கை, பிலோமினா. கண்ணு பார்த்து முடிக்கற வரைக்கும் அதைக் கட்டிப் போடு" என்பார். வெளியே நாற்பது மாடு நிற்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பார்த்துக்கொண்டே நின்றால் நோய் வெட்கப்பட்டு ஓடிவிடுமா என்று மனதுக்குள் திட்டுவேன்.

கை வைக்க ஆரம்பித்தாரென்றால் அது வேறு. இடது தோள் அருகே நின்று, புறங்கையை மோந்து பார்க்கக் கொடுப்பார். பிறகு கழுத்து முடியும் மேட்டிலிருந்து வால் அடி வரை புறங்கையாலேயே ஒரு தரம் தடவிப் போவார். எங்கே சூடு, எங்கே தோல் சிலிர்க்கிறது, எங்கே காது பின்னால் மடிகிறது என்று பார்த்துக்கொள்வார். எலும்பின் மேல் விரல் படக்கூடாது. அதிலிருந்து இரண்டு விரல் தள்ளி, தசையின் மேல் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்துச் சாய வேண்டும். தேய்க்கக் கூடாது, சாய்ந்து காத்திருக்க வேண்டும். குதிரையாக இருந்தால் தலையைத் தாழ்த்தும், வாயை மெல்லும், ஒரு பெருமூச்சு விடும். அதன் பிறகுதான் கையை அடுத்த இடத்துக்கு நகர்த்தலாம். இதை நான் அவரிடம் ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். கையைக் கட்டிக்கொண்டு சுற்றுவதை மட்டும் கற்றுக்கொள்ளவில்லை.

அதற்கு வட்டியாகத்தான் சுல்தானா வந்தாள்.

சுல்தானா ஒரு வெள்ளைக் குதிரை. அரியமங்கலம் சலீம் பாய் வளர்த்தது. மாப்பிள்ளை ஊர்வலங்களுக்கு அவளை வாடகைக்கு விடுவதுதான் பாயின் பிழைப்பு. ஒரு கார்த்திகை மாதக் கடைசியில் கூட்டிக்கொண்டு வந்தார். சேணம் போட்டாலே கடிக்க வருகிறாள், முதுகில் யாராவது உட்கார்ந்தால் எகிறுகிறாள் என்றார். நான் கேரட்டை அவள் இடது விலாப் பக்கம் நீட்டினேன். கழுத்தை வளைத்து அழகாக வாங்கிக்கொண்டாள். வலது பக்கம் நீட்டினேன். பாதி தூரம் திரும்பி, வலி தாங்காமல் உடம்பையே சுற்றிக்கொண்டு வந்தாள். முதுகின் இடப்பக்கத் தசை பலகையாக இறுகிக் கிடந்தது.

"இவளுக்குச் சரியாகலைன்னா வித்துட வேண்டியதுதான் மேடம்" என்றார் பாய். "தை மாசம் கடைசி முகூர்த்தம் முடிஞ்சதும் யாவாரி வரேன்னு சொல்லியிருக்கான். நான் ஆட்டோ ஓட்டிக்கூடப் பொழைச்சுக்குவேன். ஆனா அவன் வாங்கிட்டுப் போன குதிரை எதையும் யாரும் மறுபடி பார்த்ததில்ல." சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. குதிரையின் பிடரி மயிரில் இல்லாத சிக்கலை எடுத்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் அப்போது இல்லை. மார்கழி பிறக்கப்போகிறது என்றால் அவர் லீவு போட்டுவிடுவார். ஸ்ரீரங்கம் கோயிலில் பகல் பத்து, ராப் பத்து உற்சவம் எல்லாம் முடிந்துதான் மறுபடி மருந்தகத்துக்கு எழுந்தருளுவார். ஆகவே வைத்தியம் நான்தான். கையைக் கட்டிக்கொண்டு சுற்ற எனக்கு ஏது நேரம்? நேரே முதுகில் கை வைத்தேன்.

ஒருநாள் விட்டு ஒருநாள், சுடுதண்ணீரில் நனைத்த கோணிச்சாக்கு ஒத்தடம், பிறகு முக்கால் மணி நேரம் கையால் சாய்ந்து அழுத்துவது, பிறகு கேரட். பத்து நாளில் அவள் காது நிமிர்ந்தது. இருபது நாளில் வலது பக்கம் முக்கால்வாசி திரும்பினாள். சலீம் பாய் என் கையைப் பார்த்து, "ராசியான கை மேடம்" என்றார். பக்கத்துத் தெருப் பால்காரர் பார்த்தார், ரேக்ளா மாட்டுக்காரர்கள் பார்த்தார்கள், ஒரு பத்திரிகைக்காரர் வந்து என்னையும் குதிரையையும் சேர்த்துப் படம் பிடித்தார். பெருமாள் துறையூரிலிருந்து போன் போட்டு, "நான்தான் அன்னிக்கே சொன்னேனே" என்றார். எனக்குத் தலை கால் புரியவில்லை. கைலாசபுரத்தில் ஒரு அதிகாரி வீட்டு நாய்க்கு முதுகு நீவப் போனபோது, அது சோபாவை விட்டு இறங்காமல் நெய் ரோஸ்ட் தின்பதுதான் காரணம் என்று தெரிந்தும், "என் கை பட்டா சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வெட்கக்கேடுதான், மறைப்பானேன்?

தை பிறந்தது. முதல் முகூர்த்தத்துக்கு முந்தைய சாயங்காலம் சுல்தானா ஒரு மாப்பிள்ளையைத் தூக்கிப் போட்டாள். அவர் போய் பேண்டு செட்டின் பெரிய டிரம்மின் மேல் விழுந்தார். மறுநாள் காலை மணவறையில் உட்கார முடியாமல் முட்டி போட்டபடியே தாலி கட்டினார் என்று கேள்வி.

டாக்டர் லீவு முடிந்து வந்த அன்று சலீம் பாய் குதிரையோடு வாசலில் நின்றார். நான் என் வைத்தியத்தை ஒன்று விடாமல் சொன்னேன். பத்திரிகையில் வந்த படத்தையும் காட்டினேன். டாக்டர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இரண்டு சுற்றுச் சுற்றினார்.

"எந்த மாசம் தேய்ச்சே?"

"மார்கழி சார்."

"மார்கழியில கல்யாணம் உண்டோ?"

"இல்ல சார்."

"அப்போ ஒரு மாசம் அவ முதுகுல எவனும் ஏறலை. அதான் சரியாச்சு. காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்தது. நீ காக்காவைப் படம் பிடிச்சுப் பேப்பர்ல போட்டுண்டிருக்கே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சலீம் பாய் எதிரே அப்படிச் சொன்னாரே என்று கோபம் வேறு. ஆனால் பாயின் முகத்தைப் பார்த்தபோது என் கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. அவர் என் கையைத்தான் நம்பியிருந்தார். அந்த நம்பிக்கையில் ஒரு மாதத்தை நான் வீணாக்கிவிட்டேன். வியாபாரி வர இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது.

"தேய்ச்சது தப்பில்லை" என்றார் டாக்டர், கொஞ்சம் இறங்கி. "எதனால வந்ததுன்னு பார்க்காம தேய்ச்சதுதான் தப்பு. இன்னிக்கு எங்கயாவது மாப்பிள்ளை அழைப்பு இருக்கும். போய் நின்னு பாரு. கையைக் கட்டிண்டு பாரு."

போனேன். அங்கே வந்திருந்தது பாயின் சிநேகிதர் ஒருவரின் குதிரை. அழைக்காத கல்யாணத்தில் சந்தனம் பூசிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மாப்பிள்ளை வந்தார். குதிரை ஏறுகிறவர்கள் இடப்பக்கம் நின்று சேணத்தில் தொங்கும் வளையத்தில் இடது காலை வைத்துத்தான் ஏறுவார்கள். குதிரையும் அப்படித்தான் பழகியிருக்கும். மாப்பிள்ளை இடது காலைத் தூக்கினாரோ இல்லையோ, நாலு பேர் ஒரே குரலில், "வலது கால்! வலது காலை எடுத்து வைங்க!" என்று அலறினார்கள். மாப்பிள்ளையை அப்படியே வலப்பக்கத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவர் வலது காலை வளையத்தில் மாட்டி, சேணத்தைப் பிடித்து, பஸ் படியில் தொங்குகிற மாதிரி தொங்கினார். சித்தப்பா பின்பக்கம் முட்டுக் கொடுத்தார். சேணம் வலப்பக்கம் இழுபட்டது. கீழே விழாமல் நிற்பதற்காகக் குதிரை இடப்பக்கத்தை இரும்பாக இறுக்கிக்கொண்டது. ஒருவழியாக ஏறி உட்கார்ந்ததும் வீடியோக்காரர், "சார், போகஸ் சரியா வரலை, இன்னொரு தரம் ஏறுங்க" என்றார். மூன்று தரம் ஏறினார்.

நான் அங்கேயே தலையில் அடித்துக்கொண்டேன். பெண் வீட்டார் ஏதோ அபசகுனம் என்று பதறிப்போய் எனக்கு ஒரு கிளாஸ் ரோஸ் மில்க் கொடுத்தார்கள்.

காரணம் தெரிந்துவிட்டது. இரண்டு வாரம் சுல்தானாவுக்கு முழு ஓய்வு கொடுத்தோம். நான் மறுபடி ஒத்தடமும் அழுத்தமும் கொடுத்தேன். சேணத்துக்குக் கீழே மடித்த கம்பளி போட்டோம். அரியமங்கலம் பட்டறை ஒன்றில் மூன்று படி வைத்த இரும்பு முக்காலி அடிக்கச் சொன்னோம். அதில் வலது காலை வைத்து ஏறி, தொங்காமல் குதிரை மேல் உட்கார்ந்துகொள்ளலாம். சாஸ்திரத்துக்கும் பழுதில்லை, முதுகுக்கும் பழுதில்லை. ஆனால் தூக்கிப் போட்ட குதிரையை எந்த மாப்பிள்ளை கூப்பிடுவான்? அவளால் முடியும் என்று நாலு பேர் பார்க்க நிரூபித்தால்தான் பாய்க்குத் தொழில். இல்லாவிட்டால் வியாபாரிதான்.

டாக்டர் தன் அக்கா மகன் கல்யாணத்துக்கு அவளைப் பேசினார். மாப்பிள்ளை ஸ்ரீநிவாசன் அமெரிக்காவில் வேலை. கல்யாணத்துக்கு முதல்நாள் ஜானவாச ஊர்வலத்துக்குக் குதிரைதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். தையின் கடைசி முகூர்த்தம். சலீம் பாய், "வேணாம் சார், உங்க வீட்டு விசேஷம்" என்று கெஞ்சினார். டாக்டர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சாயங்காலம் ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதி முனையில் நாதஸ்வரம் ஆரம்பித்தது. சுல்தானா ஜரிகை போட்டு நின்றாள். நான் அவள் கழுத்தில் கை வைத்துக்கொண்டிருந்தேன். அந்த வியாபாரியும் வந்து எதிர்ப்பக்கம் பைக்கில் சாய்ந்து நின்றிருந்தான். பாய் முக்காலியைக் கொண்டுவந்து வைத்தார். டாக்டரின் அக்கா வைதேகி மாமி பார்த்தார்.

"என்னடா இது, இரும்பு? குழந்தை எடுத்து வைக்கற முதல் அடி இரும்பு மேலயா?"

"அக்கா, அது குதிரைக்காக."

"அதெல்லாம் முடியாது. தெருவிளக்குக்கு பல்பு மாட்டறவனாட்டம் மாப்பிள்ளை முக்காலி மேல ஏறி நிக்கறதா? சம்பந்தி பார்த்துண்டிருக்கா. எப்பவும் ஏறற மாதிரி ஏறட்டும்!"

ஜல்லிக்கட்டுக் காளைக்கு அசராத டாக்டர் அக்காவின் எதிரே முக்காலியை எடுத்து ஓரமாக வைத்தார். ஸ்ரீநிவாசன் வளையத்தைப் பிடித்தான். சுல்தானாவின் காது பின்னால் மடிந்தது. என் கைக்குக் கீழே அவள் கழுத்து நரம்பு துடித்தது. இன்னொரு நொடியில் தொங்குவான், அவள் எகிறுவாள், எல்லாம் முடிந்தது. சலீம் பாய் கண்ணை மூடிக்கொண்டார்.

"நில்லுடா!" என்றார் டாக்டர். "அக்கா, நாளைக்கு மாலை மாத்தறச்சே தாய்மாமன் தோள்ல தூக்கணுமோ இல்லையோ?"

"தூக்கணும். அதுக்கென்ன இப்போ?"

"தூக்கற மாமன் நான்தானே? இன்னிக்கே தூக்கிக்கறேன்."

சொல்லிவிட்டு மேல்வேஷ்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு, குதிரையின் வலப்பக்கத்தில், நடுத்தெருவில், கையையும் முட்டியையும் ஊன்றிக் குனிந்தார். நாதஸ்வரக்காரர் பாதியில் நிறுத்திவிட்டார். பன்னிரண்டு திருமண் இட்ட அந்த உடம்பைப் பார்த்து ஸ்ரீநிவாசன் ஒரு அடி பின்வாங்கினான்.

"மாமா, நான் தொண்ணூத்தஞ்சு கிலோ!"

"எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். வலது காலை வைடா."

வைத்தான். டாக்டர் "ரங்கா" என்று முனகினார். ஸ்ரீநிவாசன் அவர் முதுகில் ஏறி நின்று, காலைத் தூக்கிப் போட்டு, பூப்போல் சேணத்தில் அமர்ந்தான். சுல்தானா ஒரு அங்குலம் அசையவில்லை. காது முன்னால் வந்தது. "சார், இன்னொரு டேக்..." என்று வீடியோக்காரர் ஆரம்பித்தார். "ஏறினது ஏறினதுதான்யா!" என்று தரையிலிருந்து ஒரு உறுமல் வந்தது. ஊர்வலம் வீதி முழுக்கச் சுற்றி வந்தது. மண்டபத்தில் இறங்குவதற்கும் அதே முதுகுதான். மறுநாளிலிருந்து டாக்டர் நாலு நாள் லீவு. நான் நீவிவிடட்டுமா என்று போனில் கேட்டேன். "எங்காத்துக்காரி காதுல விழுந்துடப் போறது, வை போனை" என்றார்.

சம்பந்தி வீட்டார் அசந்துபோய், இது எந்த திவ்யதேசத்து வழக்கம் என்று விசாரித்தார்களாம். மாமன் முதுகு எல்லா வீட்டிலும் தாங்காதே, அதனால் பிற்பாடு சலீம் பாய் மரத்தில் ஒரு படி செய்து பட்டு போர்த்தி, 'மாமன் படி' என்று பேர் வைத்தார். இப்போது அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்து, ஆரத்தி எடுத்து, படி இல்லாவிட்டால் மாப்பிள்ளை ஏறக்கூடாது என்கிறார்கள். பழங்கால வழக்கமாம். நான் மறுத்துப் பேசுவதில்லை.

ஜானவாசத்துக்கு இரண்டாம் நாள் காலை நான் அரியமங்கலம் போனேன். வியாபாரி எனக்கு முன்னால் வந்து சுல்தானாவின் பக்கத்தில் நின்றிருந்தான். கட்டைவிரலால் அவள் முதுகின் இடப்பக்கத்தை அழுத்தினான். அவள் பேசாமல் நின்றாள். பலமாக அழுத்தினான். அப்போதும் சிலிர்க்கவில்லை. வலது பக்கமாகப் போய் நின்று பார்த்தான். அவள் கழுத்தை முழுசாக அந்தப் பக்கம் வளைத்து, அவன் சட்டைப் பையைக் கவ்வி இழுத்துக் கிழித்தாள். அவன் பையைப் பிடித்துக்கொண்டு பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

சலீம் பாய் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். எனக்கும் கண் கலங்கிற்று. முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். இன்ஷா அல்லா, இனிமே இவளை உங்ககிட்ட கூட்டிட்டு வரமாட்டேன்" என்றார்.

பதினொரு வருடம் சுல்தானா மாப்பிள்ளைகளைச் சுமந்தாள். பாய் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.